ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ஒலிக்கோப்புகளோடு ஒரு குடித்தனம்

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு துணிக்கடையின் ஆடி விற்பனைக்காக நாற்பது விநாடி அசைபட விளம்பரம் ஒன்றை ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அசைபட மென்பொருளில் செய்து, ஒப்புதல் வாங்குவதற்காக அதன் புராஜெக்ட் கோப்பைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு அவர்கள் அலுவலகத்துக்கே போயிருந்தேன். நிறத்திலோ எழுத்திலோ ஏதாவது மாற்றச் சொன்னால் அங்கேயே மாற்றிக் காட்டிவிடலாம் என்பது எண்ணம். படம் நன்றாகவே ஓடியது, சத்தம்தான் வரவில்லை. ஒருவர் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கித் திரும்பச் செருகினார், இன்னொருவர் கணினியின் ஒலியளவைக் கடைசிவரை ஏற்றினார், கடை முதலாளி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அதற்குள் விளங்கிவிட்டது. இசைக்கோப்பு என் வீட்டுக் கணினியின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் உட்கார்ந்திருந்தது.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் புராஜெக்ட் கோப்புக்குள் படமும் இருக்காது, ஒலியும் இருக்காது; அவை வட்டில் எந்த இடத்தில் கிடக்கின்றன என்ற முகவரி மட்டுமே இருக்கும் என்பது இத்தொழிலுக்கு வந்த முதல் வாரத்திலேயே எல்லோரும் தெரிந்துகொள்ளும் செய்திதான். ஆனால் ஒரு படக்கோப்பு காணாமல் போனால் அந்த இடத்தில் வண்ணப்பட்டைகள் தோன்றிக் கூச்சல் போடும், ஒலிக்கோப்பு காணாமல் போனால் மௌனம் மட்டுமே மிஞ்சும். புராஜெக்ட் பேனலில் அதன் பெயர் சாய்வெழுத்துக்கு மாறியிருக்கும், திறக்கும்போது ஒரு எச்சரிக்கைப் பெட்டியும் வரும். எழுத்துரு இல்லை என்பது போன்ற பெட்டிகளை நாள்தோறும் தட்டிவிட்டுப் பழகிய கை அதையும் சேர்த்துத் தட்டிவிட்டிருந்தது. அன்றைக்குப் பட்ட அவமானத்துக்குப் பிறகுதான் ஒலிக்கோப்புகளை எங்கே வைப்பது, எந்த வடிவத்தில் வைப்பது, எப்படி மாற்றுவது என்று எனக்கென்று ஒரு முறையை வகுத்துக்கொண்டேன்.

முறையைச் சொல்வதற்கு முன் மென்பொருளின் குணத்தைச் சொல்லிவிட வேண்டும். 1993ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிராவிடென்ஸ் நகரில் கோசா என்ற சிறு நிறுவனம் வெளியிட்டு, ஆல்டஸ் என்ற நிறுவனத்தின் வழியாக அடுத்த ஆண்டே அடோபியின் கைக்கு வந்த இந்த மென்பொருள், படத்துக்காகப் பிறந்தது. ஒலி அதில் வாடகைக்குக் குடியிருக்கிறது. 2015இல் வந்த பதிப்புவரை ஸ்பேஸ் பாரைத் தட்டினால் படம் ஊமையாகத்தான் ஓடும், ஒலியோடு பார்க்க எண் விசைப்பலகையின் பூஜ்யத்தைத் தட்ட வேண்டும் என்பதை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்புவதில்லை. ஆகவே இதற்குள் உட்கார்ந்து ஒலிக்கலவை செய்ய முயல்வதை நான் விட்டுவிட்டேன். தையற்காரர் கழுத்தில் கிடக்கும் அளவு நாடாவைப் போலத்தான் ஒலியை இங்கே பயன்படுத்துகிறேன். எந்த எழுத்து எந்த நொடியில் வர வேண்டும், எந்தப் பெட்டி எப்போது உடைய வேண்டும் என்று அளந்து சொல்வது அதன் வேலை. கேட்க இனிமையாக்கும் வேலை ஆடிஷன் போன்ற ஒலி மென்பொருளில் நடக்கிறது. அளவு நாடா என்று ஆனபின் அதற்கு இருக்க வேண்டிய ஒரே தகுதி, அது சுருங்கவோ நீளவோ கூடாது என்பதுதான்.

எம்பி3 அந்தத் தகுதியில் தேறாது. அந்தச் சுருக்கமுறை ஒலியை 1152 மாதிரிகள் (ஒலியை விநாடிக்குப் பல்லாயிரம் முறை அளந்தெடுத்த புள்ளிகள்) கொண்ட கட்டங்களாக வெட்டுகிறது, சுருக்கும்போதும் விரிக்கும்போதும் தொடக்கத்தில் கொஞ்சம் வெற்றிடம் சேர்ந்துவிடுகிறது. பரவலாகப் புழங்கும் லேம் என்ற சுருக்கும் கருவியில் சுருக்கிய கோப்புக்கு இந்த வெற்றிடம் சுருக்குவதிலும் விரிப்பதிலும் சேர்த்து 1105 மாதிரிகள், அதாவது 44.1 கிலோஹெர்ட்ஸ் (விநாடிக்கு 44,100 மாதிரிகள்) கோப்பில் ஏறத்தாழ 25 மில்லிவிநாடி. சில மென்பொருள்கள் இதைக் கழித்துவிட்டுக் காட்டும், சில அப்படியே காட்டும். விநாடிக்கு 25 ஃபிரேம் (அசையாத தனிப்படம்) ஓடும் படத்தில் ஒரு ஃபிரேம் என்பது 40 மில்லிவிநாடி என்பதால், ஒரே மேளத்தட்டு இரண்டு மென்பொருள்களில் அரை ஃபிரேமுக்கு மேல் தள்ளித் தெரியும். திரும்பத் திரும்ப ஓட வேண்டிய ஒரு தாளத்துண்டை எம்பி3யாக வைத்து லூப் செய்து பார்த்தவர்களுக்கு, ஒவ்வொரு சுற்றின் இணைப்பிலும் விழும் அந்தச் சிறு விக்கல் நன்கு பழக்கமாகியிருக்கும்.

எனவே எந்த ஒலி வந்தாலும் முதல் வேலையாக அதை 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக (சுருக்காத ஒலியாக) மாற்றிய பிறகே புராஜெக்டுக்குள் விடுகிறேன். 16 பிட் ஸ்டீரியோவில் ஒரு நிமிடத்துக்கு 11.5 மெகாபைட்தான் ஆகிறது, வீடியோ கோப்புகள் தின்னும் இடத்தோடு ஒப்பிட்டால் அது ஊறுகாய் அளவு. 48000 என்ற எண்ணில் எனக்கு இன்னொரு வசதியும் உண்டு. 24 ஃபிரேமில் ஒரு ஃபிரேமுக்கு 2000 மாதிரிகள், 25இல் 1920, 30இல் 1600 என்று மிச்சமில்லாமல் வகுபடுகிறது. 44.1 கிலோஹெர்ட்ஸை 24 ஃபிரேமுக்கு வகுத்தால் 1837.5 என்று அரை மாதிரி தொங்கும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் இதைத் தானே சமாளித்துக்கொள்ளும் என்றாலும், கணக்கு நேராக இருக்கும்போது மனமும் நேராக இருக்கிறது.

நம் ஊர் நடைமுறையில் இதைவிடப் பெரிய தலைவலி வாட்ஸ்அப் வழியாக வருகிறது. குரல் கொடுப்பவர் நல்ல மைக்கில் பதிவு செய்துவிட்டு, அவசரத்தில் வாட்ஸ்அப்பிலேயே ஒரு குரல் செய்தியாகப் பேசி அனுப்பிவிடுவார், அல்லது வாடிக்கையாளரே “இப்படிப் பேசினால் போதும்” என்று மாதிரிக்கு அனுப்பியதே கடைசியில் உறுதியாகிவிடும். அந்தச் செய்தி ஓபஸ் என்ற வடிவத்தில் இருக்கும், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் அதை வாசலிலேயே நிறுத்திவிடும். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கருவியால் அதை வேவ் ஆக மாற்றிவிடலாம், ஆனால் சுருக்கத்தில் போன தெளிவு மாற்றத்தில் திரும்பி வராது. அதனால் குரல் கொடுப்பவரிடம் முதல் நாளே ஒரே ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். வாட்ஸ்அப்பில்தான் அனுப்புவீர்கள் என்றால் கோப்பை ‘டாக்குமென்ட்’ ஆக இணைத்து அனுப்புங்கள், அப்போது அது அனுப்பியபடியே வந்து சேரும் என்கிறேன். “சரி சார்” என்பார். பாதிப்பேர் செய்வார்கள்.

வந்த கோப்புகள் புராஜெக்ட் ஃபோல்டருக்குள்ளேயே ஒலி என்ற ஃபோல்டரில் குரல், இசை, சிற்றொலி என்று மூன்றாகப் பிரிந்து போகும். பெயரில் என்ன இருக்க வேண்டும் என்பதைவிட என்ன இருக்கக்கூடாது என்பதில்தான் நான் கண்டிப்பாக இருக்கிறேன். ‘ஃபைனல்’ என்ற சொல் எந்தக் கோப்பின் பெயரிலும் வரக்கூடாது. எதுவுமே ஃபைனல் இல்லை என்பது அடுத்த செவ்வாய்க்கிழமை தெரிந்துவிடும். குரல் 01, குரல் 02 என்று எண், அதன்பின் வந்த தேதி, அவ்வளவுதான்.

அடுத்தது பூஜ்யத்தின், அதாவது ஒலி எங்கிருந்து தொடங்குகிறது என்பதன் கதை. ஒரு வேளாண் கருவி விளக்கப்படத்துக்குக் குரல் ஏழு முறை மாறியது. ஒவ்வொரு முறையும் ஒரு வாக்கியமோ ஒரு விலையோதான் திருத்தம், ஆனால் ஒவ்வொரு கோப்பும் தொடக்கத்தில் வெவ்வேறு அளவு மௌனத்தோடு வந்தது. ஒன்றில் பேச்சு அரை விநாடியில் தொடங்கும், அடுத்ததில் ஒன்றேகால் விநாடியில். நான் ஒவ்வொரு முறையும் புதுக்கோப்பை இழுத்துவந்து பழைய லேயருக்கு (டைம்லைனின் அடுக்குக்கு) கீழே போட்டு, கண்ணால் பொருத்தி, பழையதை அணைத்து வைத்தேன். ஐந்தாவது முறை வந்தபோது டைம்லைனில் ஐந்து குரல் லேயர்கள் அடுக்கியிருந்தன. அணைக்க மறந்த ஒன்று தாழ்ந்த ஒலியில் அடியில் பேசிக்கொண்டிருந்ததை, ரெண்டர் முடிந்து அனுப்பிய பிறகு வாடிக்கையாளர்தான் கண்டுபிடித்தார்.

இப்போது குரலுக்கென்று தனியாக ஒரு காம்ப் (லேயர்களைச் சேர்த்து வைக்கும் தனி டைம்லைன்) வைக்கிறேன். அதற்குள் ஒரே ஒரு லேயர். முதன்மைக் காம்பில் அந்தக் குரல் காம்ப் மட்டுமே இருக்கும். புதிய பதிவு வந்ததும் ஒலி மென்பொருளில் திறந்து, முதல் எழுத்து சரியாக ஒரு விநாடியில் தொடங்கும்படி முன்மௌனத்தை வெட்டியோ சேர்த்தோ சேமிக்கிறேன். பிறகு புராஜெக்ட் பேனலில் பழைய கோப்பைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோலும் எச்சும் அழுத்தி, புதிய கோப்பைக் காட்டினால் போதும். லேயர் அசையாது, அதன்மேல் வைத்த மார்க்கர்கள் (நேரக் குறிகள்) அசையாது, கீஃபிரேம்கள் (எந்த நேரத்தில் எந்த மதிப்பு என்று சொல்லும் புள்ளிகள்) அசையாது, உள்ளே ஓடும் ஒலி மட்டும் மாறும். திரைத்துறையில் படத்தொடக்கத்துக்கு இரண்டு விநாடி முன்னால் ஒரே ஒரு ஃபிரேம் நீளத்துக்கு ‘பிப்’ என்று ஒரு ஒலியை வைத்து, படத்தையும் ஒலியையும் அதில் பொருத்திக்கொள்கிறார்களே, அதே யோசனையின் ஏழை வீட்டு வடிவம்தான் இது.

குரலுக்கு ஏற்ப எழுத்துகளைத் திரையில் கொண்டுவரும் வேலையில் அலைவடிவத்தைப் பார்க்காமல் முடியாது. லேயரைத் தேர்ந்து எல் விசையை இருமுறை தட்டினால் அலைவடிவம் விரியும். இதைப் பற்றிய பயிற்சிக் காணொளிகள் பெரும்பாலும் ஆங்கிலக் குரலை வைத்தே செய்யப்பட்டவை. மேடு என்றால் சொல், பள்ளம் என்றால் சொற்களுக்கு நடுவே இடைவெளி என்று அவை சொல்லிக்கொடுப்பதை நம்பித் தமிழ்க் குரலில் கைவைத்தால் ஏமாறுவோம். நான் ஏமாந்த வாக்கியம் இன்னும் நினைவிருக்கிறது: “பத்துக்குப் பத்து அடியில் ஒரு கடை.” இதன் அலைவடிவத்தை விரித்துப் பார்த்தால் ப என்ற வெடிப்பு, அதன் பின் ஒரு மேடு, உடனே த்த என்ற இடத்தில் தட்டையான பள்ளம், து என்ற சிறு மேடு, க்க என்ற இடத்தில் மறுபடியும் பள்ளம், கு, பிறகு ப்ப என்று மூன்றாவது பள்ளம். வல்லெழுத்து இரட்டிக்கும்போது வாய் மூடி மூச்சு நிற்கிறது, ஆகவே அந்தக் கணத்தில் உண்மையாகவே ஒலி இல்லை. “பத்துக்கு” என்ற ஒற்றைச் சொல் மூன்று சொற்களைப் போலத் தெரிகிறது. வெற்றிடங்களைத் தானாக நீக்கும் கருவி ஒன்றைக் கொஞ்சம் கூர்மையாக வைத்து இந்தக் குரலில் ஓட்டினேன், பத்து ‘பது’ ஆகிவிட்டது. இதற்கு நேரெதிரானது “மழை வரும் வழியெல்லாம்” போன்ற தொடர். இடையினமும் மெல்லினமும் உயிரும் கைகோத்துக்கொள்வதால் மூன்று சொல்லும் சேர்ந்து ஒரே மலைத்தொடராக நிற்கும், எங்கே ஒரு சொல் முடிந்தது என்று கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

அதனால் தமிழ்க் குரலுக்கு எழுத்தசைவு செய்யும்போது நான் பள்ளத்தைத் தேடுவதில்லை, வெடிப்பைத் தேடுகிறேன். கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு டைம்லைனின் நேரக்காட்டியை மெல்ல நகர்த்தினால் ஒலி துண்டுதுண்டாகக் கேட்கும். ப்ப என்ற மௌனம் முடிந்து உதடு திறக்கும் அந்த ஃபிரேமில்தான் இரண்டாவது “பத்து” திரையில் வந்து விழ வேண்டும். மௌனம் தொடங்கும் ஃபிரேமில் வைத்தால் எழுத்து அவசரக்குடுக்கையாக முந்திக்கொண்டு வந்தது போலத் தோன்றும். வல்லெழுத்தே இல்லாத தொடர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு காதால் மட்டும் குறிப்பதே எனக்குச் சரிவருகிறது.

அப்படிக் குறிக்க மார்க்கர்தான் கருவி. ஒலி லேயரைத் தேர்ந்து, ஓடவிட்டு, விண்டோஸில் எண் விசைப்பலகையின் உடுக்குறியை (*) தட்டிக்கொண்டே வந்தால் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு மார்க்கர் விழும். கை எப்போதும் காதுக்குப் பின்னால்தான் வரும் என்பதால், தட்டி முடித்தபின் எல்லாவற்றையும் இரண்டு மூன்று ஃபிரேம் முன்னால் இழுக்க வேண்டியிருக்கும். ஒருமுறை புளூடூத் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு மூன்று நாள் இந்த வேலையைச் செய்தேன். கம்பியில்லாமல் வரும் ஒலி தாமதமாகக் காதுக்கு வந்ததால் படத்தையும் அதற்கேற்பத் தாமதமாக வைத்துவிட்டேன், சாதாரண ஸ்பீக்கரில் போட்டபோது எழுத்துகள் எல்லாம் குரலுக்குப் பின்னால் மூச்சிரைக்க ஓடிவந்தன. அந்த ஹெட்ஃபோனில் இப்போது பாட்டு மட்டும் கேட்கிறேன்.

தாளத்துக்குப் படம் வெட்டும்போது வேறொரு கணக்கு உண்டு. நிமிடத்துக்கு 120 தட்டு உள்ள இசையில் ஒரு தட்டு அரை விநாடி, 24 ஃபிரேம் படத்தில் அது 12 ஃபிரேம், 30இல் 15 ஃபிரேம். நாம் தொலைக்காட்சிக்குச் செய்யும் 25 ஃபிரேமில் அது 12.5 ஆகிவிடுகிறது. பன்னிரண்டு பன்னிரண்டாக நகலெடுத்து ஒட்டிக்கொண்டே போனால் ஒவ்வொரு தட்டுக்கும் அரை ஃபிரேம் விலகி, இருபது தட்டு தாண்டியதும் படம் பத்து ஃபிரேம் முந்திக்கொண்டிருக்கும். முந்தைய தட்டிலிருந்து அளக்காமல் ஒவ்வொரு தட்டையும் பூஜ்யத்திலிருந்தே அளந்து, பின்னம் வந்தால் கீழ்முழு எண்ணை எடுத்துக்கொள்கிறேன். கீழ்முழு எண் ஏன் என்றால், படம் ஒரு நூலிழை முந்தி ஒலி பிந்தினால் கண்ணுக்கு உறுத்துவதில்லை. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998இல் வெளியிட்ட பரிந்துரையின்படி ஒலி 45 மில்லிவிநாடி முந்தினாலே பார்ப்பவர் கண்டுகொள்வார், பிந்தினால் 125 மில்லிவிநாடி வரை கண்டுகொள்ளமாட்டார். தூரத்தில் துணி துவைப்பவரின் கை கல்லில் பட்ட பிறகுதானே ‘தப்’ என்ற சத்தம் நம்மை வந்து சேர்கிறது.

இசையின் ஏற்றத்தாழ்வுக்கு ஏற்ப ஒரு வட்டம் துடிக்க வேண்டும் என்றால் ஒலியைக் கீஃபிரேமாக மாற்றும் வசதி கீஃபிரேம் அசிஸ்டென்ட்டில் இருக்கிறது. அது ‘ஆடியோ ஆம்ப்ளிட்யூட்’ என்ற பெயரில் திரையில் தெரியாத ஒரு வெற்று (‘நல்’) லேயரை உருவாக்கி, இடது, வலது, இரண்டும் சேர்ந்தது என மூன்று ஸ்லைடர்களில் ஃபிரேமுக்கு ஒன்றாக மதிப்புகளைக் கொட்டிவிடும். இதில் இரண்டு இடத்தில் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள். அந்தக் கட்டளை காம்பில் கேட்கும் எல்லா ஒலியையும் சேர்த்தே அளக்கிறது என்பதால், மேளத்துக்கு மட்டும் துடிக்க வேண்டுமானால் குரல் லேயரின் ஸ்பீக்கர் குறியை அணைத்துவிட்டுத்தான் அதை ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் வட்டம் செய்தி வாசிப்பவரின் குரலுக்கும் சேர்ந்து ஆடும். இரண்டாவது, இசைக்கோப்பை மாற்றினால் அந்தக் கீஃபிரேம்கள் தாமாக மாறுவதில்லை. பழைய பாட்டின் தாளத்துக்குப் புதிய பாட்டில் ஆடிக்கொண்டிருக்கும் வட்டத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன், அது என்னுடையதுதான்.

ஒலியளவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் கலவை இங்கே நடக்கக்கூடாது என்று முன்பே சொல்லிவிட்டேன். ஆனாலும் வாடிக்கையாளருக்குக் காட்டும் மாதிரியில் இசை மெல்ல அடங்க வேண்டும் என்ற தேவை வரும். லேயரின் ஒலியளவு அமைப்பான ஆடியோ லெவல்ஸில் 0 டெசிபெலிலிருந்து −48க்கு இரண்டு விநாடியில் கீஃபிரேம் போட்டால், முதல் அரை விநாடியிலேயே ஒலியின் வீச்சு கால் பங்காகிவிடும், ஒரு விநாடியில் பதினாறில் ஒரு பங்குக்கு வந்துவிடும். கேட்பவருக்கு இசை பாதியிலேயே தீர்ந்துவிட்டது போல இருக்கும். அதற்குப் பதிலாக ஸ்டீரியோ மிக்ஸர் எஃபெக்டைப் போட்டு அதன் சதவீதத்தை நூறிலிருந்து பூஜ்யத்துக்கு இறக்கினால், அடங்குவது அடங்குவது போலவே கேட்கிறது.

வேலை முடிந்து ஒப்படைக்கும் நாளில், பயன்படுத்தாத கோப்புகளை நீக்கிவிட்டு, ஃபைல் மெனுவின் டிபென்டென்சீஸ் பகுதியிலுள்ள ‘கலெக்ட் ஃபைல்ஸ்’ கட்டளையால் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டருக்குத் திரட்டுகிறேன். ஒலிக்கலவை செய்பவருக்குக் குரல், இசை, சிற்றொலி மூன்றையும் தனித்தனி வேவ் கோப்புகளாக, மூன்றும் ஒரே பூஜ்யத்தில் தொடங்கி ஒரே நீளத்தில் முடியும்படி எடுத்துக் கொடுக்கிறேன். அவர் இழுத்து வைத்த உடனே எல்லாம் தாமாகப் பொருந்திவிடும், தொலைபேசியில் “எங்கே வைப்பது” என்ற கேள்வி வராது. திரட்டிய ஃபோல்டரை வெளிவட்டில் ஏற்றி, என் கணினியில் அந்த வேலையின் பழைய ஃபோல்டருக்குப் பெயரை மாற்றிவிடுகிறேன், பழைய முகவரி எதுவும் வேலை செய்யக்கூடாது என்பதற்காக. டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்கும் அன்றைக்கு ஒரு பெயர் மாற்றம் உண்டு. பிறகு வெளிவட்டிலிருந்து புராஜெக்டைத் திறந்து, எச்சரிக்கைப் பெட்டி வருகிறதா என்று பார்த்து, ஸ்பீக்கரைப் போட்டு, கைபேசியைத் தள்ளிவைத்துவிட்டு, தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒருமுறை முழுவதும் கேட்கிறேன்.